ஞாயிற்றுக்கிழமைக் கரண்டும் நான்கு வால்வுகளும்

இதை எழுதும்போதும் என் வலது கை நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. படிக்கிறவர்களுக்கு அது தெரியப்போவதில்லை. அச்சில் எல்லா எழுத்தும் நேராகத்தான் நிற்கும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நடுக்கம் வந்த புதிதில் மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்து நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் வரையச் சொன்னார். நான் வரைந்தது கம்பளிப்பூச்சி ஊர்ந்துபோன தடம் மாதிரி இருந்தது. "பயப்படுத மாதிரி ஒண்ணுமில்ல சார், வயசாகுதுல்லா" என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னதை என் வீட்டார் உத்தரவாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பொருளாக என் கையிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் ஸ்கூட்டர் சாவி. அடுத்தது ஏணி, ஃபேனைத் துடைக்கக்கூட ஏறக்கூடாது. மூன்றாவது சவர பிளேடு. தெருமுனை சலூனுக்குப் போகும்படி ஆயிற்று. மூன்றுக்கும் நான் முனகினேனே தவிர மறுக்கவில்லை. நான்காவதாக என் வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கேட்டார்கள். முடியாது என்றேன்.

அது என்ன பொருள் என்று சொல்ல வேண்டும். டிரான்சிஸ்டர் வருவதற்கு முன்னால் ரேடியோக்களுக்குள் கண்ணாடிக் குழல்கள் இருக்குமே, அந்த வால்வுகளை வைத்துப் பாட்டுக் கேட்கும் செட். பழைய பொருள் என்று நினைக்க வேண்டாம். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு நானே உட்கார்ந்து கட்டியது. மதுரையில் ஒருவரிடம் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி வாங்கினேன். இரும்புத் தகட்டில் துளைகள் நானே போட்டேன். மொத்தம் நாற்பத்தொன்று, இரண்டு இடம் மாறிப்போய்ப் பயனில்லாமல் இருக்கின்றன. முன் வரிசையில் மூன்று சின்ன வால்வுகள், பின் வரிசையில் நான்கு பெரியவை. பெரியவைதான் பவர் வால்வுகள். ஸ்பீக்கரைத் தள்ளும் பலம் அவற்றுடையது. இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், கூரியரில் வீட்டுக்கே வருகிறது.

பவர் வால்வு சில வருடங்களில் களைத்துப்போகும். நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். மாற்றுவது பெரிய வேலையில்லை. மாற்றிய பிறகு, பாட்டு எதுவும் ஓடாதபோது ஒவ்வொரு வால்வு வழியாகவும் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று ஒரு சின்னத் திருகைத் திருப்பி வைக்க வேண்டும். அதற்கு பயாஸ் என்று பெயர். என் செட்டுக்கு மீட்டரில் முப்பத்தாறு காட்ட வேண்டும். குறைத்து வைத்தால் பாட்டின் மெல்லிய இடங்கள் கரகரக்கும். கூட்டி வைத்தால் வால்வுக்குள் இருக்கும் தகடு சிவக்கச் சிவக்கக் காய்ந்து, வால்வு செத்துப்போகும்.

இவ்வளவும் உலகத்தில் எல்லா ஊருக்கும் பொது. எங்கள் தெருவுக்கென்று ஒன்று உண்டு. எங்களுடையது கம்பியின் கடைசி வீடு. அந்தக் கம்பியில் எங்களுக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்று, லேபிள் அடிக்கும் இரண்டு அச்சகங்கள், ஒரு அட்டை வெட்டும் பட்டறை. வேலை நாட்களில் அவர்களெல்லாம் குடித்த மிச்சம்தான் எங்களுக்கு வரும். இருநூற்று எட்டு வோல்ட், இருநூற்றுப் பத்து வோல்ட். ஞாயிற்றுக்கிழமை எல்லா மிஷினும் நிற்கும். வோல்டேஜ் இருநூற்று நாற்பத்தைந்தைத் தாண்டும். மீட்டர் வைத்திருக்கிறவன் நான் ஒருவன்தான் என்றாலும் இது தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஃபேன் வேகமாகச் சுற்றும். என் மகன் சின்ன வயதில் ஃபேனைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று சொல்வான்.

ஆகவே எங்கள் தெருவில் பயாஸ் வைக்க ஏற்ற நாள் ஞாயிறு மட்டும்தான். வேலை நாளில் முப்பத்தாறு வைத்தால் ஞாயிற்றுக்கிழமை அது ஐம்பதுக்குப் போய் நிற்கும். ஸ்டெபிலைசர் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். ஃபிரிட்ஜுக்கு ஒன்று இருக்கிறது. அது டக் டக்கென்று மாறுவது ஒவ்வொன்றும் ஸ்பீக்கரில் கேட்கும். பாட்டுக்கு நடுவில் ஒருவர் விரலைச் சொடுக்கிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்?

இந்தக் கோடையில் இடது பக்க ஸ்பீக்கர் தணிந்து ஒலிக்கத் தொடங்கியது. புது வால்வுகள் நான்கு வரவழைத்தேன். வந்த பெட்டியை என் மனைவி வாங்கி, நான் குளித்துவிட்டு வருவதற்குள் எங்கேயோ வைத்துவிட்டாள். கேட்டால், "அதுல நானூத்தம்பது வோல்ட் இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க? நடுங்குத கைய அதுக்குள்ள விட்டு நீங்க போயிருவீங்க. நான் இங்கன தனியாக் கெடக்கவா?" என்றாள்.

நியாயமான கேள்விதான். நியாயமாக இருந்ததாலேயே எனக்குக் கோபம் அதிகமாக வந்தது.

பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியராக இருக்கும் மகன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வந்தான். வந்தவன் சாப்பிடும்போதே சொன்னான். "அப்பா, உங்க செட்ட போட்டோ எடுத்து ஒரு குரூப்புல போட்டிருந்தேன். மதுரையில ஒருத்தர் கேக்காரு. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வாராரு. நல்ல ஆளு. நல்லா வச்சிக்கிடுவாரு."

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்த மாதிரி சொன்னான்.

"என்னைக் கேட்டியாலே?"

"கேட்டா வேண்டாம்பீங்க."

"அப்ப அதான பதிலு!"

"கோவப்படாதீங்கப்பா. சின்னதா ஒரு புளூடூத் ஸ்பீக்கர் கொண்டாந்திருக்கேன். மாத்த வேண்டியது ஒண்ணும் கிடையாது. தொட வேண்டியதுகூட இல்ல."

தொட வேண்டியதுகூட இல்லை என்பதை அவன் ஒரு வசதியாகச் சொன்னான். நான் சோற்றை வைத்துவிட்டு எழுந்தேன். பிறகு பசித்தது, வந்து உட்கார்ந்தேன். அந்த இடைவெளியில் தாயும் மகனும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

"ஒண்ணு செய்வோம்" என்றான். "நாளைக்கு நீங்களே வால்வ மாத்துங்க. யாரும் கை வைக்க மாட்டோம். மாத்தி ஒரு மணி நேரம் சரியாப் பாடுச்சுன்னா, ராத்திரியே அவருக்கு போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிருதேன். பெறகு நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். சரியாப் பாடலேன்னா செட்டு மதுரைக்கு. அம்மா சொல்லுததுதான் தீர்ப்பு."

"ஞாயித்துக்கிழமை மாத்துதேன். நாளைக்கு சனிக்கிழமை. பயாஸ் வைக்க முடியாது."

மகன் அம்மாவைப் பார்த்தான். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே, "நல்ல நேரமெல்லாம் எப்பலேர்ந்து பாக்க ஆரம்பிச்சீங்க?" என்றாள்.

கரண்டைப் பற்றி விளக்கினேன். இரண்டு பேரும் பொறுமையாகக் கேட்டார்கள். அந்தப் பொறுமையைப் பார்த்ததும் அவர்கள் நம்பவில்லை என்று தெரிந்துவிட்டது. கை ஓடாத கிழவன் கிழமையின் மேல் பழி போடுகிறான் என்று நினைத்தார்கள். சரி, நாளைக்கே மாற்றுகிறேன் என்றேன். மனைவி எழுந்துபோய் அரிசி டின்னுக்குள் கையை முழங்கை வரை விட்டு வால்வுப் பெட்டியை எடுத்துவந்தாள். மூன்று வாரமாக அந்த டின்னிலிருந்து அள்ளிய அரிசியைத்தான் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் முதல் வேலையாகக் கொல்லைப்பக்கம் போய் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றினேன். கரிசல் மண் கோடையில் வெடித்து, எர்த் குழாயை விட்டு விலகிக்கொள்ளும். விரல் போகிற அளவுக்கு இடைவெளி விழும். தண்ணீர் ஊற்றினால் மண் உப்பிவந்து குழாயைப் பிடிக்கும். பிடிக்காவிட்டால் செட் வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகிக்கொண்டே இருக்கும். அதைவிட, ஏதாவது கசிந்தால் கரண்ட் பூமிக்குப் போக வழியிருக்காது.

"குழாயில தண்ணி வந்து எத்தன நாளாச்சு? இவிய பூமிக்கு ஊத்துதாவ" என்று மனைவி ஜன்னல் வழியாகச் சொன்னாள். நான் ஊற்றியது துணி அலசிய தண்ணீர். அதையும் சொன்னேன். "அத நான் கக்கூசுக்கு வச்சிருந்தேன்" என்றாள்.

சாயங்காலம் நான்கு மணிக்கு முன்னறையில் எல்லாரும் கூடினோம். மகன் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றான். மனைவி ஒரு முக்காலியை எடுத்துப்போட்டு மெயின் சுவிட்சுக்குக் கீழே உட்கார்ந்தாள். மடியில் தயிர் கடையும் மத்து.

"அது எதுக்கு?"

"நீங்க ஒட்டிக்கிட்டா அடிச்சு எடுக்க. கட்டையால அடிச்சாத்தான் நமக்கு ஏறாதாம்ல."

"மொதல்ல மெயின ஆஃப் பண்ணு. பெறகு அடி."

"ரெண்டும் செய்வேன்" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

செட்டின் பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கினாலும் உள்ளே கெப்பாசிட்டர்களில் கரண்ட் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். மல்டிமீட்டரின் முனையை அங்கே வைத்து, எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்நூறு, இருநூறு, தொண்ணூறு. மகன் தொண்டையைக் கனைத்தான். நாற்பது. பதினொன்று. "போதும்ப்பா" என்றான். மூன்றுக்கு வரும்வரை நான் கையை எடுக்கவில்லை. அவசரப்படுகிறவனுக்கு நடுங்காத கை இருந்தும் பயன் இல்லை.

பழைய வால்வுகளைக் கழற்ற வேண்டும். கண்ணாடியைப் பிடித்து இழுத்தால் அடிப்பாகத்திலிருந்து கண்ணாடி கழன்று வந்துவிடும். அடிப்பாகத்தைப் பிடித்து, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து அசைத்துத்தான் எடுக்க வேண்டும். நான் பிடித்தேன். அசைக்கவே இல்லை, கை தானாக அசைத்தது. சீராக, மெல்ல, சலிக்காமல். வால்வு கடைவாய்ப் பல் மாதிரி இளகி மேலே வந்தது. நான்கும் அப்படியே வந்தன.

புது வால்வைச் செருகுவது அதைவிடச் சிரமம் என்பார்கள். கீழே எட்டுக் கால்கள், நடுவில் ஒரு குமிழ், குமிழின் பக்கத்தில் ஒரு முண்டு. முண்டு சாக்கெட்டின் பள்ளத்தில் சரியாகப் பொருந்தினால்தான் உள்ளே இறங்கும். அது நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. குமிழைச் சாக்கெட்டின் வாயில் வைத்து லேசாகத் திருப்பினேன். நடுக்கம் அதைத் தடவித் தடவிப் பார்த்தது; பள்ளம் வந்ததும் முண்டு டக்கென்று விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"நடுங்குத கைதான் ஓட்டையக் கண்டுபிடிக்குது போல" என்று மனைவி மகனிடம் சொன்னாள். எனக்கு அது நன்றாகக் கேட்டது.

இனி பயாஸ். இதற்கு செட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். திருகு சின்னது, இங்கேதான் நடுங்கக்கூடாது. பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி எப்போதோ கொடுத்த தீப்பெட்டிக் கட்டு ஒன்று இருந்தது. அதை செட்டின் ஓரத்தில் வைத்து மணிக்கட்டை அதன்மேல் அழுத்தினேன். இடது கையை வேட்டி மடிப்புக்குள் இடுப்பில் செருகிக்கொண்டேன். இரண்டு கையும் செட்டில் இருந்தால் கரண்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக அடுத்த கைக்குப் போகும். ஒரு கை மட்டும் என்றால் பிழைக்க வாய்ப்புண்டு. தொலைபேசி நிலையத்தில் முதல் வாரம் கற்றுக்கொண்டது. பிளாஸ்டிக் பிடி போட்ட திருப்புளி. மணிக்கட்டு ஊன்றியதும் நடுக்கம் விரல் நுனிக்கு வருவதற்குள் பாதியாகிவிட்டது. மிச்சப் பாதியை நான் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

சுவரில் வோல்ட் மீட்டர் இருநூற்று எட்டு காட்டியது. நான்கு வால்வுகளையும் இருபத்தாறில் நிறுத்தினேன்.

"முப்பத்தாறுன்னு சொன்னீங்க?" என்றான் மகன்.

"ஞாயித்துக்கிழமை முப்பத்தாறு. இன்னைக்கு இருபத்தாறு வச்சாத்தான் அன்னைக்கு அது வரும்."

"கரண்டுக்கு ஏதுப்பா கிழமை?"

"இந்தத் தெருவுல உண்டு."

அவன் சிரித்தான். அவன் சிரிப்பில் கேலியைவிட இரக்கம் அதிகமாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் நாதஸ்வரம் போட்டேன். அட்டகாசமாக இருந்தது, தவில் அடியில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மனைவி மத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "அந்த வயலின் போடுங்க. தூங்கப் போடுத மாதிரி ஒண்ணு வருமே" என்றாள். அவள் அதைத்தான் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். போட்டேன். வில் மெல்ல இழுபட்டு, ஒலி தேய்ந்து அடங்கும் இடங்களில் மணலில் கால் வைத்த மாதிரி ஒரு கரகரப்பு.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பொய் சொல்லத் தெரியாதவள், சொல்லவும் இல்லை.

"தொண்ட கட்டுன மாதிரி இருக்கே."

மகன் என்னைப் பார்த்தான். திருப்புளி என் கையிலேயே இருந்தது. தீப்பெட்டிக் கட்டும் அங்கேயே இருந்தது. நான்கு திருகுகளையும் பத்துப் பத்துப் புள்ளி ஏற்றியிருந்தால் அந்த நிமிடமே வயலின் பளிங்காகியிருக்கும், நான் ஜெயித்திருப்பேன். மறுநாள் வால்வுகள் வெந்திருக்கும். செட்டைக் காப்பாற்ற அதன் வால்வுகளைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"தீர்ப்பு சரி. நாளுதான் தப்பு" என்றேன்.

"அப்பா" என்று அவன் ஆரம்பித்தான். நான் செட்டை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி வாசலில் அட்டைக் கட்டுகளை எண்ணி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு புதுக் கவலை பிடித்திருந்தது.

"அண்ணாச்சி, நாளைக்கு மிஷின் ஓடாதுல்லா?"

"ஞாயித்துக்கிழம எவன் வருவான்? ஆர்டர் மலையாக் கெடக்கு. நான் ஓட்டணும்னு நெனச்சாலும் ஆளு கெடையாது. ஏன், என்ன விசேஷம்?"

"எனக்கு வோல்டேஜ் வேணும்."

"உங்க பாட்டுப் பெட்டிக்கு நான் ஆபீஸ மூடணுமாக்கும்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். "போங்க அண்ணாச்சி, நாளைக்கு ஊரு கரண்டு பூரா உங்களுக்குத்தான்."

அந்த உறுதியோடு கதிரேசன் மலைப்பக்கம் நடந்து, இருட்டின பிறகு வீட்டுக்கு வந்து, யாரோடும் பேசாமல் படுத்தேன். மகனும் அமைதியாகவே இருந்தான். தோற்ற தகப்பனைச் சீண்ட வேண்டாம் என்று இருக்கிறான் என நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விழித்தபோது ஃபேன் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வோல்ட் மீட்டரில் இருநூற்று நாற்பத்தேழு.

மதுரைக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அட்டைப்பெட்டி, கயிறு, பழைய போர்வை இரண்டு என்று முழு ஏற்பாட்டோடு வந்திருந்தார். செட்டைப் பார்த்ததும் குனிந்து கும்பிடாத குறை. "சார், நீங்களே கட்டினதா சார்?" என்று மூன்று தடவை கேட்டார். கெட்ட ஆளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"வந்தது வந்தீங்க, கேட்டுட்டுப் போங்க" என்றேன். எடுத்துட்டுப் போங்க என்று சொல்லவில்லை என்பதை மகன் கவனித்தான்.

மனைவி கேட்காமலேயே முக்காலியில் போய் உட்கார்ந்தாள், மெயின் சுவிட்சுக்குக் கீழே, மத்தோடு. மதுரைக்காரர் மத்தை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் பக்கத்து வழக்கம் என்று நினைத்திருப்பார்.

வால்வுகள் சூடேறட்டும் என்று காத்திருந்து வயலினைப் போட்டேன். கரகரப்பு இல்லை. ஒரு துளி இல்லை. ஒலி தேய்ந்து தேய்ந்து, தீர்ந்துபோன இடம் எது என்று தெரியாமல் அடங்கியது. மதுரைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மகனைப் பார்த்தேன். கேட்டாயா, கிழமையைக் கேட்டாயா என்று கண்ணாலேயே கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான். அதை நான் தோல்வி என்று எடுத்துக்கொண்டேன்.

"என்னங்க" என்றாள் மனைவி. "அந்த மூணாவது பல்பு உள்ள செவக்குது."

"அது அப்படித்தான் எரியும். நடுவுல கம்பி செவக்கும்."

"கம்பியில்ல. சுத்தி இருக்கே தகடு, அது. தோசக்கல்லு காஞ்ச மாதிரி."

நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் பக்கவாட்டில், நிழலில் இருந்தாள். நான் எழுவதற்குள் அவள் எழுந்து மெயினைக் கீழே இறக்கிவிட்டாள். பாட்டு இழுபட்டு நின்றது. ஃபேன் நின்றது. மதுரைக்காரர் கண்ணைத் திறந்தார்.

செட்டின் மேல் குனிந்து பார்த்தேன். மூன்றாவது வால்வின் தகட்டில் ஒரு ஆரஞ்சுத் தழும்பு மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. பிறகு திருகுகளைப் பார்த்தேன். நேற்று நான் விட்டபோது நான்கின் தலைக் கோடுகளும் கிட்டத்தட்ட நேர்குத்தாக நின்றன. இப்போது நான்கும் சாய்ந்து நின்றன.

"யாரு தொட்டது?"

மதுரைக்காரர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார், பாவம்.

"நான்தான்பா" என்றான் மகன். "நேத்து நீங்க வெளிய போனப்ப. கேக்க வாரவருக்குக் கரகரன்னு இருக்கக் கூடாதேன்னு. நீங்க சொன்ன முப்பத்தாறுதான் வச்சேன். நாலும் முப்பத்தாறு, ஒரு புள்ளி கூடல, கொறயல."

"எத்தன மணிக்கு?"

"ஏழு, ஏழரை இருக்கும்."

வேலை நாள், மாலை ஏழு மணி. மிஷின்களோடு வீட்டு விளக்குகளும் சேர்ந்து இழுக்கும் நேரம். வாரத்திலேயே வோல்டேஜ் அடிமட்டத்தில் கிடக்கும் நேரம் அதுதான். அவன் கை ஒரு நூல்கூட நடுங்கியிருக்காது. மிகச் சுத்தமாக வைத்திருப்பான்.

நான் கத்தவில்லை. கத்தினால் நடுக்கம் கூடும்; எனக்கு வேலை இருந்தது. நான்கு திருகுகளையும் முழுக்கக் குறைத்துவிட்டு, தீப்பெட்டிக் கட்டை எடுத்து வைத்தேன். இடது கையை இடுப்பில் செருகினேன்.

"சார், நான் வேணா பிடிக்கட்டுங்களா?" என்றார் மதுரைக்காரர்.

"வேண்டாம்."

"அவிய செய்வாவ, நீங்க உக்காருங்க" என்றாள் மனைவி. மத்தை மடியில் வைத்துக்கொண்டு மெயினை மேலே தூக்கினாள்.

முதல் வால்வு: பன்னிரண்டு, இருபது, முப்பத்தொன்று, முப்பத்தாறு. இரண்டாவது முப்பத்தாறு. மூன்றாவதுதான் கொஞ்சம் வம்பு செய்தது, வெந்த வால்வு. நிற்காமல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மணிக்கட்டை அழுத்தி அழுத்தி, தீப்பெட்டிகளில் ஒன்று நசுங்கியே போயிற்று. கடைசியில் நின்றது. நான்காவது முப்பத்தாறு. எல்லாவற்றையும் இன்னொரு சுற்று பார்த்தேன். நிமிர்ந்தபோது வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்க ஒரு கைதான் இருந்தது, அதில் திருப்புளி.

வயலின் மறுபடி ஓடியது. ஒரு மணி நேரம் முழுக்க ஓடவிட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை. மனைவி வயலினைக் கேட்டாளா என்று தெரியாது; மூன்றாவது வால்வையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது சிவக்கவில்லை.

முடிந்ததும் மதுரைக்காரர் மெல்ல, "எடுத்துக்கலாங்களா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி எழுந்துவிட்டாள். "ஏலே, அவரக் கூட்டிட்டுப் போயி சாப்பாடு வாங்கிக் குடுத்து பஸ் ஏத்திவிட்டு வா. இது இங்கனயே கெடக்கட்டும்."

"அம்மா, நேத்து நீதான தீர்ப்பு சொன்ன?"

"நேத்து பாட்டுக்குச் சொன்னேன். இன்னைக்கு ஆளுக்குச் சொல்லுதேன். கை நடுங்காத ஆளு செஞ்ச வேலையத்தான் பாத்தாச்சே."

மதுரைக்காரர் போர்வைகளை மடித்துக்கொண்டார். வாசலில் நின்று திரும்பி, "சார், எங்க வீட்டுல எப்பவும் இருநூத்து நாப்பதுதான். எங்கிட்ட இருக்கிற செட்டுக்கு பயாஸ் எந்தக் கிழமை வைக்கணும்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். "எந்தக் கிழமைனாலும் வைங்க, நீங்க கொடுத்து வச்சவரு" என்றேன்.

மகன் அவரை ஏற்றிவிட்டு வந்து நெடுநேரம் முன்னறையில் மல்லாந்து படுத்துக் கிடந்தான். பிறகு சொன்னான்: "காலையில முழிக்கையில ஃபேன் என்னா வேகத்துல சுத்துச்சு. அத நான் பாத்துக்கிட்டேதான் கெடந்தேன்." நான் பரவாயில்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று விடக்கூடியதும் இல்லை; மூன்றாவது வால்வின் ஆயுளில் ஒரு பங்கு போய்விட்டது. அவன் கொண்டுவந்த புளூடூத் ஸ்பீக்கர் இப்போது சமையலறையில் இருக்கிறது, நன்றாகவே பாடுகிறது.

அன்று இரவு மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். செட்டைத் திறக்கும்போதெல்லாம் மெயின் சுவிட்சுக்குக் கீழே அவள் இருக்க வேண்டும். அவள் ஊரில் இல்லாவிட்டால் திறக்கக்கூடாது. நானூற்றைம்பது வோல்ட் நானூற்றைம்பது வோல்ட்தான். அது என் வயதையும் பார்க்காது, வீம்பையும் பார்க்காது. ஒப்புக்கொண்டேன். அவள் தழும்பைப் பார்த்திராவிட்டால் நான் வயலினைக் கேட்டுக்கொண்டே நான்கையும் எரித்திருப்பேன். இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், படிக்கட்டும்.

திங்கட்கிழமை மகன் போன பிறகு, சாவி வேண்டும், ஏணி வேண்டும், பிளேடு வேண்டும் என்று வரிசையாகக் கேட்டேன்.

"பல்பு மாத்துனா பறக்கலாம்னு நெனப்பா?" என்றாள். ஆனால் சாயங்காலம் குளியலறைப் பலகையில் பிளேடு இருந்தது. கண்ணாடியின் கீழ்ச்சட்டத்தில் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு சவரம் செய்தேன். இரண்டு கீறல். இரண்டும் சின்னது. சலூன்காரர்கூடச் சில நாள் அவ்வளவு போடுவார்.

போனவை மூன்றில் ஒன்று திரும்பிவிட்டது. ஸ்கூட்டர் சாவி எங்கே இருக்கிறதென்று தெரியும், அரிசி டின்னில்தான். அதை நான் கையைவிட்டு எடுக்கப்போவதில்லை, அவளாகவே தரட்டும். ஏணியை நாளைக்கு மறுபடி கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு வேகமாகச் சுற்றும் ஃபேனில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று கீழே நின்றுகொண்டே எத்தனை நாள் பார்ப்பது?